மூன்று பரவாயில்லை

"இப்ப எப்படி இருக்கு?"

சின்னவளிடம் ஒருத்தி ஒரு முறை இப்படிக் கேட்டாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால், காலை பதினோரு மணிக்கு, போனில். கேட்டவள் ஆஸ்பத்திரி நர்ஸ். முகம் தெரியாது. பின்னால் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் தாள் புரட்டும் சத்தமும் கேட்டன.

அது அம்மாவின் போன். தையல் மிஷின் மேல் கிடந்தது. அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்து அன்று மூன்றாவது நாள். வலது தோள்பட்டை வலிக்கிறது என்று இரவெல்லாம் புரண்டவள் விடிந்த பிறகுதான் கண்ணை மூடியிருந்தாள். மணி அடித்தால் எழுந்துவிடுவாளே என்று சின்னவள் ஓடிப்போய் எடுத்தாள். பேசுவதற்காக இல்லை, சத்தத்தை நிறுத்துவதற்காக. சிவப்புக்குப் பதில் பச்சையை அமுக்கிவிட்டாள்.

போன் என்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்வதற்கே பக்கத்தில் இருக்கும் பெண் அவள் கையைத் தூக்கிவிட வேண்டும்.

நர்ஸ் அம்மாவின் பெயரைச் சொல்லி, "அவங்கதானே?" என்றாள். சின்னவள் "ம்" என்றாள். அவங்க போன்தான், சொல்லுங்க, கேட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனையும் அந்த "ம்"முக்குள் இருந்தது. நர்ஸ் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

இப்ப எப்படி இருக்கு? பரவாயில்லை. நேற்று இரவுக்கு இப்போது தேவலை என்று அர்த்தம்.

காய்ச்சல், குளிர் ஏதாவது? பரவாயில்லை. லேசாகச் சுடுகிறது, தாங்கிக்கொள்கிறாள் என்று அர்த்தம்.

ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போறீங்களா? பரவாயில்லைங்க. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று அர்த்தம்.

மொத்தம் நாற்பத்தொரு விநாடி. நர்ஸ் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

ஆறாவது நாள் சாயங்காலம் பெரியவள் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டபோது, அம்மாவின் கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

அந்த போனைப் பற்றிச் சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது பத்தாம் வகுப்புக்குப் போகவில்லை. பரீட்சையும் எழுதவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டுவிட்டாள், நல்ல பெண் என்று பேசிக்கொண்டார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை. எதையும்தான் அவள் மறுத்துப் பேசியதில்லையே.

*

அம்மா பள்ளிச் சீருடை தைப்பவள். பித்தப்பையை எடுக்க வயிற்றில் நாலே நாலு துளை, மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் வீட்டுக்குப் போனது உண்மைதான். ஆனால் வெட்ட வேண்டிய சின்னக் குழாய் என்று நினைத்துக் கல்லீரலிலிருந்து வரும் பெரிய பித்தக் குழாயை வெட்டியிருந்தார்கள். வீட்டில் படுத்திருந்த நாளெல்லாம் பித்தநீர் வயிற்றுக்குள் கசிந்துகொண்டே இருந்தது. வேறு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அதை வடித்தார்கள். மூன்று மாதம் கழித்து வயிற்றைத் திறந்து, குடலில் ஒரு துண்டை மேலே இழுத்து, மிச்சமிருந்த குழாயோடு சேர்த்துத் தைத்தார்கள்.

"ஒட்டு நல்லாத்தான் போட்டிருக்காங்க. துணிதான் பழசு" என்று அம்மா அந்த டாக்டரிடமே சொன்னாள். அவர் சிரித்தார். இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உடம்பு தூக்கிப் போடுகிற குளிரும் காய்ச்சலும் வருகிறது. மிஷினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது.

நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டது பெரியவள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், அதனால் டாக்டர்களின் கையெழுத்து அவளுக்குப் பழக்கம். அப்பா கப்பலில் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்பார். ஆக, ஓடியது பெரியவள்தான். அம்மாவின் பெயரில் வழக்கு, கையெழுத்துப் போடும் அதிகாரம் அவள் பெயரில். மனுவையும் அவளே கைப்பட எழுதி வக்கீலம்மாவிடம் கொடுத்திருந்தாள். அதில் ஏழாவது பத்தியில் ஒரு வரி: "வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு முறைகூட எங்களைத் தொடர்புகொண்டு விசாரிக்கவில்லை."

அந்த வரியை அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தாள். கடைக்கு வருகிறவர்களிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட.

போன வாரம் ஆஸ்பத்திரித் தரப்பிலிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு ஒலிப்பதிவும் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று போனில் சொல்ல மறுத்துவிட்டாள் வக்கீலம்மா. மூன்று பேரும் வாருங்கள் என்றாள்.

அங்கே போக வேண்டிய நாள் காலையில் சின்னவள் தலையை இரண்டு முறை பின்னிக்கொண்டாள். முதல் முறை பின்னியது நினைவில்லை.

*

வக்கீலம்மாவின் அறை ஒரு தட்டச்சுக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் மட்டுமே தெரியும். ஓரத்தில் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வேலைக்கு வருகிறவர். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தி அடிப்பார்.

வக்கீலம்மா மடிக்கணினியை அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

பதிவு ஓடியது. தாள் புரட்டும் சத்தம். நர்ஸின் குரல். அப்புறம் அந்த "ம்". அடுத்து மூன்று முறை அந்த வார்த்தை, தரையைப் பார்த்துச் சொன்னது போல.

சின்னவள் தன் குரலை அதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. அது அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. அதே இழுவை, முடிவில் அதே மாதிரி காற்றாகக் கரைவது. காது இரண்டும் சுட்டன. யாராவது இப்போது தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள்.

யாரும் திரும்பவில்லை. பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். வக்கீலம்மாவும் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"அம்மா, இது உங்க குரலா?"

அம்மா திரையில் நின்றுபோயிருந்த ஒலிக் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என் குரல்தாங்க" என்றாள்.

பெற்றவளுக்கு எந்தப் பிள்ளையின் குரல் எது என்று தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொல்கிறாள்.

வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது. நிதானமாக எடுத்துச் சொன்னாள். கை தவறுவது யாருக்கும் நேரக்கூடியது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் பத்து டாக்டர்களை வைத்துச் சொல்ல வைப்பார்கள். அதைத் தாண்டி இந்த வழக்கு நிற்பதே, தவறியது தெரியாமல் ஆறு நாள் விட்டுவிட்டார்கள் என்ற ஒரே காலில்தான். மூன்றாவது நாளே அவர்கள் கூப்பிட்டு, நோயாளியே நலம் என்று சொல்லி, வரச் சொன்னதற்கும் வேண்டாம் என்றிருந்தால் அந்தக் காலும் போயிற்று. அதோடு, யாரும் கூப்பிடவில்லை என்று அம்மா சத்தியம் செய்து கொடுத்த பத்திரமும் பொய்யாகிவிடும்.

"வேற யாராவது பேசியிருந்தா கதையே வேற" என்றாள் வக்கீலம்மா. "நோயாளிகிட்ட பேசாமலே பேசினதா எழுதியிருக்காங்கன்னு திருப்பிப் போடலாம். அதுவும் வயசு வராத பிள்ளையா இருந்தா இன்னும் நல்லது. அன்னைக்கு வீட்டுல கூட யார் இருந்தது?"

"இவ இருந்தா, மேடம்" என்றாள் பெரியவள், சின்னவளைத் தலையால் காட்டி. "ஆனா இவ போன் எடுக்கற ஜாதி இல்ல. மணி அடிச்சாலே பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா."

குமாஸ்தா சிரித்தார். தன் பேத்தியும் அப்படித்தான் என்றார். சின்னவளும் சிரிப்பது போல உதட்டைக் கொஞ்சம் இழுத்தாள்.

அந்த இடத்தில் அவள் பேசியிருக்கலாம். வாய்க்குள் வார்த்தை வந்துகூட நின்றது. அம்மா மேஜைக்கு அடியில் அவள் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினாள். சின்னவள் எச்சிலை விழுங்கினாள். வார்த்தையும் அதோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரியின் பதிலுக்கு மறுபதில் அன்றைக்கு ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். அம்மா பேசியதாகவே ஒத்துக்கொண்டு, மறந்துவிட்டது என்று எழுதித் தரச் சொல்லலாம், அதற்கு மேல் மன்றத்தின் கருணை என்றாள் வக்கீலம்மா. நாலு மணிக்குத் தயாராக இருக்கும், மறுபதிலில் பெரியவளும் உறுதிமொழியில் அம்மாவும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

படி இறங்கும்வரை பெரியவள் பொறுத்துக்கொண்டாள். தட்டச்சுக் கடை வாசலில், வரிசையில் நின்ற நாலு பேருக்கு முன்னால், வெடித்துவிட்டாள்.

"ரெண்டு வருஷம்மா. லீவு போட்டு லீவு போட்டு அலைஞ்சேன். ஒரு போன் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை. வாயில பூட்டா போட்டிருந்த?"

"மறந்துட்டேன்டி."

"தோள்பட்டை வலி கூடினா உடனே எனக்குச் சொல்லுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தானே வேலைக்குப் போனேன்? அன்னைக்கு ராத்திரி வந்து கேட்டேன், ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்களான்னு. ஞாபகம் இருக்கா? பித்தப்பைய எடுத்தாங்க சரி, பித்தம் தலைக்கேறிடுச்சா உனக்கு?"

"இருந்தாலும் இருக்கும்" என்றாள் அம்மா.

வரிசையில் நின்ற ஒருவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மத்தியான வேலைக்கு நேரமாகிவிட்டது, நாலு மணிக்கு நேரே வந்துவிடுகிறேன் என்று தங்கையிடம் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை. சாலையைக் கடந்து போனாள்.

போன் வந்த அன்று இரவு பெரியவள் கேட்டபோது தலையை ஆட்டி "இல்லை" என்றவள் அம்மா அல்ல. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சின்னவள்.

*

வீட்டுக்கு வந்ததும் அம்மா மிஷினில் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. மேல் நூலைக் கழற்றி மறுபடியும் கோத்துக்கொண்டிருந்தாள். ஊசிக் காது அகப்படவில்லை. வழக்கமாகச் சின்னவள்தான் கோத்துக் கொடுப்பாள். இன்றைக்கு அம்மா கூப்பிடவில்லை.

சின்னவள் சமையலறை வாசலில் நின்றாள். இந்த வீட்டில் இரண்டு வருடமாக அவர்கள் இரண்டு பேர்தான் பகலெல்லாம். மருந்து வேளை, வெந்நீர், தலையணையை எந்தப் பக்கம் வைப்பது, எல்லாம் பேசாமலே நடக்கும். அது ஒற்றுமை என்று பெரியவள் நினைத்துக்கொண்டிருந்தாள். சில நாள் சாயங்காலம் ஆகும்போது, காலையிலிருந்து ஒரு வார்த்தையும் வாயிலிருந்து வரவில்லை என்பது சின்னவளுக்கு ஞாபகம் வரும். தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்வாள்.

"அம்மா. அது என் குரல்."

"என்னுதுதான்."

"அம்மா, நீ தூங்கிட்டிருந்த. நான்தான்..."

"நான் தூங்கலடி" என்றாள் அம்மா.

நூல் விரலிலிருந்து நழுவியது. அம்மா அதை எடுக்கவில்லை.

"மணி அடிச்சப்பவே முழிச்சிட்டேன். நீ ஓடி வந்தது, எடுத்தது, எல்லாம் தெரியும். பேசி முடிச்சிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

சின்னவளுக்கு அந்த நிமிடம் நன்றாக நினைவிருந்தது. போனை மிஷின் மேல் வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்ததும், அம்மாவின் இமை அசையாமல் இருந்ததும். நல்லவேளை, தூங்குகிறாள் என்று அப்போது நினைத்தாள்.

"ஏம்மா?"

"பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்துச்சு. நாப்பத்திரெண்டு சட்டை வெட்டிப் போட்டிருந்தேன். காலர்கூட வைக்கல. மறுபடி ஆஸ்பத்திரின்னா மறுபடி படுக்க வைப்பாங்க, ஊசி குத்துவாங்க. பயமாவும் இருந்துச்சு. நீ பரவாயில்லன்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு." அம்மா மிஷினின் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றினாள். ஊசி இறங்கி ஏறியது. "நான் எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

சின்னவள் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம். தெரு முனையில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் மணி இந்த வீட்டுக்குக் கேட்கும். காலையில் ஒன்று, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஒன்று. அந்த ஒவ்வொரு மணிக்கும் தனக்கு நன்றாக வேண்டும், இப்படித்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருடம் இருந்திருக்கிறாள். பத்தடி தூரத்தில் அதே கட்டிலில் அம்மா எல்லாம் தெரிந்து படுத்திருந்திருக்கிறாள்.

"ரெண்டு வருஷம்மா. ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல."

"நீயா வந்து கேட்பன்னு இருந்தேன். நீ கேட்கல. அப்புறம் நாள் போயிடுச்சு." அம்மா திரும்பிப் பார்த்தாள். "பாரு, நீ வாயைத் திறக்காத. அங்க உன்னை நிக்க வச்சுக் கேட்பாங்க. அவங்க வக்கீல் கேட்கிற கேள்விக்கெல்லாம் நீ தாங்க மாட்ட. நான் கையெழுத்துப் போட்டுடறேன். கேஸ் போனா போகுது."

"அக்கா?"

"நாலு நாள் திட்டுவா. அப்புறம் சரியாயிடும்."

சின்னவள் எழுந்து வந்து ஊசியில் நூலைக் கோத்துவிட்டாள். அவளுக்கு ஒரே முயற்சியில் வந்தது. அம்மா நன்றி சொல்வது போலத் தலையை ஆட்டினாள். மூன்று மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பஸ்ஸில் அம்மா வலது விலாவுக்குக் கீழே கையை வைத்தபடியே வந்தாள். சின்னவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

நாலு மணிக்குப் பெரியவள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். கடையின் பச்சை மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். மத்தியான மாத்திரை போட்டியா என்று மட்டும் கேட்டாள். குரலில் இன்னும் சூடு இருந்தது.

குமாஸ்தா தயார் செய்திருந்த தாளை எடுத்து வாசித்தார். மேற்படி உரையாடலில் பேசியது நானே என்றும், உடல்நலக் குறைவால் அதை மறந்துவிட்டேன் என்றும், முந்தைய உறுதிமொழியில் தவறான தகவலைச் சொல்லிவிட்டேன் என்றும்... அவர் ஒவ்வொரு "என்றும்" முடிவிலும் மூச்சு வாங்கினார்.

வாசித்து முடித்துத் தாளை அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா பேனாவை எடுத்தாள்.

"நான்" என்றாள் சின்னவள்.

மின்விசிறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அம்மா பேனாவைத் தாளில் ஊன்றிவிட்டாள். சின்னவள் கையை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"போன்ல பேசினது நான்."

இந்த முறை கேட்டது. வக்கீலம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "இவ என்னைக் காப்பாத்தப் பாக்குறா, இவ பேச்சைக் கேட்காதீங்க" என்றாள் அம்மா. பெரியவள் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மா எழுந்தாள். அம்மாவின் போனை வாங்கி மேஜை நடுவில் வைத்தாள். "நான் உள் அறையில இருந்து கூப்பிடறேன். நீ எடுத்துப் பேசு. அன்னைக்குப் பேசின மாதிரியே" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போன் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. குமாஸ்தா ஊக்கம் கொடுப்பது போலத் தலையை ஆட்டினார். நாலாவது மணியில் சின்னவள் பச்சையை அமுக்கினாள். வக்கீலம்மாவின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. அந்த நர்ஸ் கேட்ட கேள்விகளையே கேட்டாள்.

சின்னவள் மூன்றுக்கும் பதில் சொன்னாள். மூன்றாவதைச் சொல்லும்போது தலை தானாகத் தரையைப் பார்த்துக் குனிந்தது.

கதவு திறந்தது. "இதே குரல்தான்" என்றார் குமாஸ்தா, அவரை யாரும் கேட்காமலே.

வக்கீலம்மாவின் நடையே மாறியிருந்தது. நின்றபடியே பேசினாள். போனில் பேசியபோது பதினைந்து வயசுப் பெண். நோயாளியே இல்லை. பேசுவது யார் என்று அவர்கள் ஒழுங்காகக் கேட்கவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்ற கேள்விக்கு இருக்கு, இல்லை என்று பதிலே வராதபோது, பதிலோடு வந்த ஆஸ்பத்திரிக் குறிப்பில் "காய்ச்சல் இல்லை" என்று எப்படி எழுதினார்கள்? குமாஸ்தா பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடிக்க ஆரம்பித்தார். பெரியவள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்றதும், அவளே மேஜையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தங்கையின் பக்கம் குனிந்தாள்.

"அன்னைக்கு ராத்திரி உன்கிட்டயும்தான் கேட்டேன்" என்றாள், மெதுவாக. "நீ இல்லன்னு தலையாட்டின."

"ம்."

"அப்ப பதினஞ்சு வயசு உனக்கு. பயந்துட்ட. சரி." பெரியவள் மூச்சை விட்டாள். "பாவம், அம்மா தூங்கிட்டிருந்திருக்கா. அவளுக்கு என்ன தெரியும்? அவளைப் போய்த் தெருவுல நிக்க வச்சுத் திட்டிட்டேன்."

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

அதைத்தான் அடுத்து வக்கீலம்மாவும் கேட்டாள். "நீ பேசும்போது அம்மா எங்க இருந்தாங்க?"

"கட்டில்ல."

"தூங்கிட்டிருந்தாங்களா?"

"ம்."

"இந்த 'ம்' எனக்கு வேணாம்மா. அதுலதான் இவ்வளவும் வந்தது. ஆமாவா, இல்லையா?"

சின்னவள் அம்மாவைப் பார்க்கவில்லை. "ஆமா" என்றாள்.

குமாஸ்தா அதை அடித்தார். ஒவ்வொரு எழுத்தும் டக், டக் என்று விழுந்தது.

"இல்லங்க" என்றாள் அம்மா. "முழிச்சிட்டுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு கேட்டது, இவ சொன்னது, எல்லாம் என் காதுல விழுந்துச்சு. நான்தான் எழுந்து வாங்கிப் பேசல. இதையும் எழுதிக்குங்க. இனிமே இவ எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

டக் சத்தம் நின்றது. வக்கீலம்மா உட்கார்ந்தாள். சுவரில் மணி நாலு இருபத்தைந்து.

அம்மா பெரியவள் பக்கம் திரும்பினாள். ராத்திரி நீ வந்து கேட்டபோதும் விழித்துத்தான் இருந்தேன், இவள் இல்லை என்று தலையாட்டியதையும் பார்த்தேன், உன்னை அலைய விட்டுவிட்டேன் என்று சொன்னாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பெரியவள் அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். போன் வந்தது இரண்டு பேருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியாது. அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலி அகலம்கூட இல்லை.

வக்கீலம்மா பெரியவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இதையும் சேர்த்தே எழுதலாம், உண்மை எப்போதும் வழக்கைக் கெடுக்காது, ஆனால் ஐந்து மணிக்குள் உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது என்று. பெரியவள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

பேனாவின் மூடியைப் போட்டாள். அதை மேஜை விளிம்பில், உருண்டு விழாதபடி, புத்தகத்தோடு ஒட்டி வைத்தாள். மேலங்கியின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா" என்றாள் சின்னவள். அவள் குரல் முதல் முறையாக அந்த அறை முழுக்கக் கேட்டது.

பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள்.